போர்ட்டிக்சனுக்குள் ஒரு மலாக்கா

மலாக்கா மாநிலத்தின் ஒரு துண்டு நெகிரி செம்பிலானுக்குள் இருக்கிறது. போர்ட்டிக்சன் கடற்கரைச் சாலையில், ஹோட்டல்களும் அடுக்குமாடிகளும் நெருக்கியடித்து நிற்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, காடு மூடிய ஒரு குன்று கடலுக்குள் நீண்டு கிடக்கும். அதுதான் தஞ்சோங் துவான். சுற்றியுள்ள மண் முழுக்கப் போர்ட்டிக்சன் மாவட்டம். இந்தக் குன்று மட்டும் மலாக்காவின் அலோர் காஜா மாவட்டம். நுழைவாயிலில் கட்டணம் வாங்குவதும் மலாக்கா வனத்துறைதான்.

மலாக்காவிலிருந்து போகிறவர்களுக்கு, தெலுக் கெமாங் வருவதற்கு முன்பே இந்தக் குன்றுக்கான திருப்பம் வந்துவிடும். ஆனால் நம் கார்களும் வேன்களும் பெரும்பாலும் அங்கே திரும்புவதில்லை. நேரே தெலுக் கெமாங் மணலில் போய் நிற்கின்றன. பாயை விரித்து, சாப்பாட்டைப் பிரித்து, பிள்ளைகளைக் கடலில் இறக்கி, பொழுது சாய வீடு திரும்பிவிடுகிறோம். நம் சொந்த மாநிலத்தின் மிக அழகான ஓர் இடத்தை ஒவ்வொரு முறையும் கடந்து போய்விடுகிறோம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

லாரியில் போன ஞாயிற்றுக்கிழமைகள்

மலாக்காத் தமிழர்களுக்குப் போர்ட்டிக்சன் தலைமுறை தலைமுறையான பழக்கம். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை தான் சாய் யான் என்பவர் 1896ல் போட்டது இதே மாநிலத்தின் புக்கிட் லிந்தாங்கில். அடுத்து புக்கிட் ஆசகான். பிறகு ஜாசின், ரும்பியா, சுங்கை பாரு, தெபோங், காடேக் என்று பார்க்கும் இடமெல்லாம் பால்மரம் நின்றது. அந்த மரங்களைச் சீவ வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இன்று மலாக்காவின் தாமான்களில் வாழும் நம்மில் பலர்.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டு முடியும் அந்த வாழ்க்கையில், தோட்டத்துக்கு வெளியே ஒரு நாள் என்பது பெரிய காரியம். கோயில் திருவிழாவுக்குப் போவார்கள். மாசி மகத்துக்கு மலாக்கா பட்டணத்திலிருந்து செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும் வெள்ளி ரதத்தைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புவார்கள். அதற்கு அடுத்த இடம் கடலுக்கு. தோட்டத்து லாரியைக் கழுவிவிட்டு, பின்னால் பாயும் கோணியும் விரித்து, லயத்துச் சனம் ஏறிக்கொள்ளும். புளிச்சோறு, முட்டை, கோழிப் பிரட்டல், பெரிய பாத்திரத்தில் வரகாப்பி. பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்; தார்ப்பாய் படபடத்த சத்தம் முதற்கொண்டு சொல்வார்கள்.

பால்மரம் செம்பனையானது. லயங்கள் காலியாகின. பிள்ளைகள் பத்து பெரெண்டாம், ஆயர் குரோ தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். லாரி போய் வேன் வந்தது, வேன் போய்க் கார் வந்தது. இறங்கும் இடம் மட்டும் மாறவில்லை. தெலுக் கெமாங் மணலில் உட்கார்ந்திருப்பதில் குறையொன்றும் இல்லை. குடும்பம் கூடிச் சாப்பிடக் கடலோரத்தைவிட நல்ல இடம் எது? ஆனால் அதே பயணத்தில், காலையில் இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கினால் போதும். பிள்ளைகளுக்கு வேறு ஓர் உலகத்தையே காட்டிவிடலாம்.

போகும் வழியிலேயே

மஸ்ஜித் தானா, லுபோக் சினா வழியாகப் பழைய சாலையில் போங்கள். நெடுஞ்சாலையில் பறந்தால் இதெல்லாம் கண்ணில் படாது.

மஸ்ஜித் தானா பக்கம் கடலோரமாக ஒதுங்கினால் தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக் என்று நீளமான மணற்கரைகள். அங்கே பாடாங் கெமுந்திங்கில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் அழுங்காமைகள் மிக அதிகமாக முட்டையிட வருவது இந்த மலாக்காக் கரைக்குத்தான். ஆமை பார்ப்பதென்றால் திரெங்கானுவுக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நம் வாசலிலேயே ஓர் அரிய இனம் கரையேறுகிறது. பருவம் ஏறக்குறைய மார்ச் முதல் செப்டம்பர் வரை. ஆமை இரவில்தான் வரும். வெளிச்சமும் சத்தமும் பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். அதனால் கரையில் கூட்டமாக டார்ச் அடித்துக்கொண்டு தேடாதீர்கள். பகலில் நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள், போதும்.

கோலா லிங்கியில், ஆறு கடலில் கலக்கும் இடத்தின் மேட்டில் டச்சுக்காரர் காலத்துக் கோட்டை ஒன்று சிதைந்து கிடக்கிறது. 1750களில், பூகிஸ்காரர்களோடு சண்டை நடந்த காலத்தது. மதில்களும் ஆற்றுமுகக் காட்சியும் மட்டுமே மிச்சம். அரை மணி நேரம் போதும்.

லுபோக் சினாவைத் தாண்டி நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்த பிறகு வரும் பெங்காலான் கெம்பாஸில் கட்டாயம் இறங்குங்கள். சாலையோரத்தில் ஒரு சிறு வளாகம். ஷேக் அகமது மஜ்னூன் என்பவரின் கல்லறையும், அதன் பக்கத்தில் நட்டு வைத்த பெருங்கற்களும் அங்கே உள்ளன. அவர் இறந்த 1467ஆம் ஆண்டு, மலாக்கா சுல்தானகம் உச்சத்தில் இருந்த காலம். அங்குள்ள கல்வெட்டில் ஜாவி எழுத்தும் பழைய காவி எழுத்தும் ஒரே தூணில் இருக்கின்றன. காவி எழுத்தின் வேர் தென்னிந்தியப் பல்லவ எழுத்து. மாமல்லபுரத்துக் கல்வெட்டுகளின் தூரத்து உறவு ஒன்றை லிங்கி ஆற்றங்கரையில் பார்க்கிறோம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

பெருங்கற்களில் மூன்றுக்கு வாள், கரண்டி, சுக்கான் என்று ஊர்க்காரர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். வாள் என்ற கல்லின் மேல் செதுக்கிய உருவங்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். அங்குள்ள ஒரு கல்லில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை உண்டு. பொய் சொன்னவன் கையை விட்டால் கல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்பது பரம்பரை நம்பிக்கை. என் அனுபவத்தில், எந்தப் பிள்ளையும் அங்கே கையை விடாமல் வந்ததில்லை.

முனையின் மேல்

தஞ்சோங் துவான் காடு ஏறக்குறைய 80 ஹெக்டேர், அதாவது 200 ஏக்கர். பழைய தோட்டக் கணக்கில் ஒரு டிவிஷன்கூட ஆகாது. 1921லேயே வனக்காப்பகமாக அறிவித்துவிட்டார்கள். அதனால்தான் சுற்றிலும் கரையோரம் முழுக்கக் கட்டடமாகிவிட்ட பிறகும் இங்கே பழைய கடலோரக் காடு மிஞ்சியிருக்கிறது. 1971ல் வனவிலங்குப் புகலிடமும் ஆனது.

வாயிலிலிருந்து கலங்கரை விளக்கம் வரை தார்ச்சாலை உண்டு. வெளியாரின் வண்டிகளை உள்ளே விடுவதில்லை. நடந்துதான் ஏற வேண்டும். சுமாராக அரை மணி நேர ஏற்றம். வயதானவர்கள் நிதானமாக, இடையிடையே நின்று ஏறலாம். வாயிலைத் தாண்டிய சில நிமிடங்களில் கடற்கரைச் சாலையின் இரைச்சல் அடங்கி, சில்வண்டுச் சத்தம் காதை நிரப்பும். மரங்களின் நிழல் சாலையை முழுக்க மூடியிருக்கும். குரங்குகள் உண்டு. கையில் பிளாஸ்டிக் பையைக் கண்டால் கிட்ட வரும். உணவு எதுவும் கொடுக்காதீர்கள், பையை முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

உச்சியில் வெள்ளைக் கலங்கரை விளக்கம். 1528 வாக்கில் போர்த்துக்கீசியர் இங்கே விளக்கேற்றினார்கள் என்று சொல்வார்கள். இப்போது நிற்கும் கோபுரம் ஆங்கிலேயர் காலத்தது, 1863ல் கட்டியது. கோபுரத்துக்குள் பொதுவாக யாரையும் விடுவதில்லை. அது ஒரு குறையே இல்லை. அதன் அடியில் நின்று மேற்கே பார்த்தால் மலாக்கா நீரிணை முழுவதும் விரியும். எண்ணெய்க் கப்பல்களும் சரக்குக் கப்பல்களும் வரிசையாக நகர்ந்துகொண்டே இருக்கும். எதிர்க்கரையில் சுமத்ராவின் ரூபாட் தீவு, சுமார் 38 கிலோமீட்டரில்.

நீரிணை இங்கே ஒடுங்குகிறது. அதனால் வடக்கிலிருந்து மலாக்கா துறைமுகத்துக்கு வந்த மாலுமிகளுக்கு இந்த முனைதான் அடையாளம். நாகப்பட்டினத்திலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் துணி மூட்டைகளோடு வந்த தமிழ் வணிகர்களின் கப்பல்கள் இதைப் பார்த்தபடிதான் மலாக்காவுக்கு இறங்கியிருக்க வேண்டும். 1511ல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்ததும், இந்து வணிகர்களின் தலைவராகப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தியது நைனா சட்டு என்ற வணிகரைத்தான். மலாக்காவிலேயே பிறந்த எரேடியா என்பவர் 1613ல் எழுதிய நூலில், உப்பே புறநகரில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களின் குடியிருப்பைக் குறித்துவைத்திருக்கிறார். நாட்டின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்றான பொய்யாத விநாயகர் கோயில், 1781ல் அதே பகுதியில்தான் எழுந்தது. அண்மைக் காலத்துக்கு வந்தால், நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிச் சிங்கப்பூர் வரை போனவர்களும் இந்த விளக்கைக் கடந்துதான் போனார்கள். கங்காணி கூட்டி வந்த நம் கொள்ளுத் தாத்தாக்களின் கடல் இதுதான் என்று அந்த மேட்டில் நின்று சொல்லும்போது பிள்ளைகள் கேட்கிறார்கள். வீட்டுக்குள் சொன்னால் அவ்வளவு கேட்பதில்லை.

இதே கடலில் 1606 ஆகஸ்டு 16 முதல் 18 வரை ஒரு பெரும் கடற்போர் நடந்தது. மலாக்காவைப் பிடிக்கக் கொர்னேலிஸ் மாட்டலீஃப் என்ற டச்சுத் தளபதி 11 கப்பல்களோடு வந்து, ஜோகூரின் துணையோடு நகரை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தான். நகரைக் காப்பாற்றக் கோவாவிலிருந்து போர்த்துக்கீசிய வைசிராயே பெரிய கப்பற்படையோடு வந்தான். இந்த முனைக்கு அருகே இரண்டு படைகளும் மோதின. டச்சுக்காரருக்கு நசாவ், மிடல்பர்க் என்ற இரண்டு கப்பல்கள் போயின. போர்த்துக்கீசியருக்கும் இரண்டு பெரிய கப்பல்கள் எரிந்து மூழ்கின. முற்றுகை விலகியது, மலாக்கா டச்சுக்காரர் கைக்குப் போக 1641 வரை ஆனது. மூழ்கிய நசாவ் கப்பலை 1990களில் கடலடியில் கண்டுபிடித்து அகழ்ந்தார்கள். அதில் கிடைத்த பொருள்கள் போர்ட்டிக்சனை அடுத்த லுக்குட் அருங்காட்சியகத்தில் இடம்பெற்றன. அந்த அருங்காட்சியகம் ராஜா ஜுமாட் 1847ல் கட்டிய கோட்டையின் அடிவாரத்தில் இருக்கிறது. மழை வந்து கடற்கரை கெட்டுப்போன நாளுக்கு நல்ல மாற்று இடம்.

மார்ச் மாதத்து விருந்தாளிகள்

தஞ்சோங் துவானுக்கு உலகப் பறவை ஆர்வலர்களிடையே பெயர் வாங்கிக் கொடுத்தது தேன்பருந்து. வடக்கே குளிர் தொடங்கும் முன் சைபீரியா, வடகிழக்குச் சீனா, ஜப்பான் பக்கமிருந்து கிளம்பி இந்தோனேசியத் தீவுகளுக்கு வந்துவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை திரும்பிப் போகிறது. அந்தத் திரும்பும் பயணத்தில் ஆயிரக்கணக்கான பருந்துகள் இந்தக் குன்றின் மேல்தான் கரையேறுகின்றன. உச்சம் மார்ச் நடுவில்.

ஏன் இங்கே? பருந்து போன்ற அகலச் சிறகுப் பறவைகள் இறக்கையை அடித்துப் பறப்பது குறைவு. வெயிலில் சூடான நிலத்திலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு உயரே போய், அங்கிருந்து சறுக்கிக்கொண்டே அடுத்த எழுகாற்று வரை போகும். அதில் சக்தி மிச்சம். கடலின் மேல் அந்த எழுகாற்று கிடையாது. நீரிணையை இறக்கையடித்தே கடந்தாக வேண்டும். ஆகவே மிகக் குறுகலான இடமாகப் பார்த்து, ரூபாட் தீவிலிருந்து காலையில் புறப்படுகின்றன.

காலை பத்தரை, பதினொன்று வாக்கில் கடலைக் கவனித்துக்கொண்டே இருங்கள். முதலில் கருப்புப் புள்ளிதான் தெரியும். நெருங்க நெருங்க, அலைக்கு மேலே தாழ்வாக, இறக்கையைத் திணறித் திணறி அடித்துக்கொண்டு வருவது தெரியும். சில தலைக்கு நேர் மேலே, இறகின் பட்டைகளை எண்ணிவிடும் உயரத்தில் கரையேறும். குன்றின் மேல் வந்ததும் அந்த இறக்கையடிப்பு நிற்கும். விரித்த சிறகோடு ஒரு வட்டம், பிறகு இன்னொரு வட்டம். வெயிலில் சூடான மலைக்காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகும். சில நிமிடங்களில் மறுபடியும் புள்ளியாகி வடக்கே மறைந்துவிடும். தொலைநோக்கி இருந்தால் அதன் முகத்தைப் பாருங்கள். கண்ணைச் சுற்றி இறகுகள் செதில் போல நெருங்கி அடுக்கியிருக்கும். குளவிக் கூட்டைப் பிரித்துப் புழுக்களைத் தின்கிற பறவை இது. கொட்டுக்கு அந்தச் செதில் முகம்தான் கவசம்.

2000ஆம் ஆண்டிலிருந்து மலேசிய இயற்கைக் கழகம் இங்கே மார்ச் மாத வார இறுதியில் பருந்து பார்க்கும் விழா நடத்தி வருகிறது. தொலைநோக்கிகளை நிறுத்தி வைத்து, வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்கிறார்கள். நான் போனபோது அங்கே நம்மவர்களை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் பார்த்தேன். அதே நேரம், கீழே கடற்கரையில் நம் குடும்பங்கள் நிறைந்திருந்தன. அரை மணி நேர ஏற்றம்தான் இடையில் இருந்தது. யாரும் நம்மிடம் வந்து சொல்லவில்லை என்பதே காரணம் என்று எனக்குப் படுகிறது.

இறங்கும்போது

கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலிருந்து காட்டுப் பாதைகள் கீழே கடலுக்கு இறங்குகின்றன. ஒன்று புலாவ் இந்தான் என்ற சிறு பாறைத் தீவின் பக்கம் போகும். மலாய் வீரன் ஹங் துவாவின் காலடி என்று ஒரு பாறைப் பதிவைக் காட்டுவார்கள். ஹங் துவாவின் கல்லறை என்று இன்னொன்று மலாக்கா பட்டணத்துக்கு அருகே தஞ்சோங் கிளிங்கிலும் இருக்கிறது. அந்த வீரனை மலாக்காக் கரை முழுக்கத் தனக்குச் சொந்தம் என்று கொண்டாடுகிறது. பாதை செங்குத்தானது, மழைக்குப் பின் வழுக்கும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் தார்ச்சாலை வழியாகவே திரும்பிவிடுவது நல்லது.

முனையின் வடபக்க அடிவாரத்தில் தஞ்சோங் பீரு கடற்கரை. மரநிழல் கரை வரை வரும். அலை அடங்கிய நேரத்தில் பாறை இடுக்குகளில் தேங்கிய தண்ணீரில் நண்டும் சிறு மீனும் பார்க்கலாம். சாப்பாட்டுக் கூடையை இங்கே பிரியுங்கள். ஆனால் முனையைச் சுற்றி நீரோட்டம் வலுவானது. நீந்தத் தெரிந்தவர்கள்கூட பாறைப் பக்கம் தாண்டிப் போக வேண்டாம்.

ஒன்றைக் கசப்போடுதான் எழுத வேண்டியிருக்கிறது. விடுமுறை முடிந்த மறுநாள் இந்தக் கடற்கரைகளைப் பார்த்தால், போலிஸ்டைரீன் பெட்டிகளும் வாழையிலைகளும் பிளாஸ்டிக் பைகளும் மணலில் கிடக்கும். வாழையிலை நம்முடையது, மறுக்க முடியாது. லாரியில் போன நம் பெரியவர்கள் பாத்திரத்தில் கொண்டுபோய்ப் பாத்திரத்திலேயே திருப்பிக் கொண்டுவந்தார்கள். கடலில் மிதக்கும் பிளாஸ்டிக் பையை ஆமை சொறிமுட்டை என்று விழுங்கிவிடும். மஸ்ஜித் தானா கரையில் முட்டையிட வருவதும் அதே ஆமைதான்.

200 ஏக்கர் காடு, அதன் இரு பக்கமும் கட்டடம். ரூபாட்டிலிருந்து பசியோடும் களைப்போடும் கடல் தாண்டும் பருந்துக்கு முதலில் கிடைக்கும் மரம் இங்கேதான் நிற்கிறது. இந்தக் காடு மலாக்கா மக்களின் சொத்து. நாம் போகாமலும் பார்க்காமலும் இருக்கும் ஓர் இடத்துக்காக, நாளைக்கு ஏதாவது ஆபத்து வந்தால் குரல் கொடுக்க நம்மில் யாரும் இருக்க மாட்டார்கள்.

மலாக்காவின் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சுங்கை பாரு, அலோர் காஜா, டுரியான் துங்கால் பள்ளிகளிலிருந்து தஞ்சோங் துவான் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்தான். ஆண்டு இறுதிச் சுற்றுலா என்று கேளிக்கைப் பூங்காவுக்குச் செலவிடும் பணத்தில் பாதிகூட ஆகாது. அடுத்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, நான்காம் ஆண்டிலிருந்து ஆறாம் ஆண்டு வரையுள்ள மாணவர்களை அழைத்துப் போங்கள். தொப்பி, தண்ணீர்ப் புட்டி, குப்பையைத் திருப்பிக் கொண்டுவர ஒரு பை, கிடைத்தால் ஒரு தொலைநோக்கி போதும். புறப்படுமுன் நுழைவு நேரத்தை வனத்துறையிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். காலை பத்து மணிக்குள் உச்சியில் இருக்க வேண்டும். பருந்துகள் அதன் பிறகுதான் வரும்.